வானவில் கிண்ணமும் பெயரில்லாத கைகளும்

பழைய அலங்காரக் கண்ணாடிப் பொருள் ஒன்று தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் செய்திகள் அதன் அடிப்பாகத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். விற்பவர் சொல்லும் கதையைக் கேட்பதற்கு முன்னர், கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் அடியைப் பார்க்க வேண்டும் என்பது இத்துறை அறிந்தோரின் முதற்பாடம். ஊதிச் செய்யப்பட்டதா, அச்சிலிட்டு அழுத்தப்பட்டதா, எந்த நிறக் கண்ணாடியில் வார்க்கப்பட்டது, எத்தனை காலம் மேசைகளில் இருந்து தேய்ந்தது என்பனவற்றையெல்லாம் அங்கே ஓரளவு படித்துவிடலாம்.

இக்கட்டுரை அத்தகைய ஒரு வகைக் கண்ணாடியைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதற்குக் கார்னிவல் கிளாஸ் என்று பெயர். எங்கள் ஊர்களில் காணிவேல் என்று வழங்கும் களியாட்ட விழாக்களை அப்பெயர் நினைவூட்டும். நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்திலும் சவர்க்காரக் குமிழியிலும் தோன்றுவது போன்ற வானவில் மினுக்கம் இதன் அடையாளம். ஒரு காலத்தில் சில சதங்களுக்கு விற்கப்பட்ட இந்தக் கிண்ணங்களுள் அரியவை இன்று ஏலங்களில் ஆயிரக்கணக்கான டொலர்களுக்குப் போகின்றன. எனவே போலிகளும் பெருகிவிட்டன. உண்மையானதை இனங்காண வேண்டுமானால், அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மண்ணுக்குள் கிடைத்த மினுக்கம்

பண்டைய ரோமானியர்களின் கண்ணாடிக் குவளைகள் பல நூற்றாண்டுகள் ஈர மண்ணுக்குள் புதைந்து கிடந்தபோது அவற்றின் மேற்பரப்பு சிறிது சிறிதாகச் சிதைந்து, மெல்லிய படலங்களாகப் பிரிந்தது. அப்படலங்களில் ஒளி பட்டுத் திரும்பும்போது மயில் தோகையின் நிறங்கள் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகழ்வாய்வுகள் பெருகி இத்தகைய குவளைகள் ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளுக்கு வந்தபோது, கண்ணாடித் தொழில் செய்தோர் அந்த நிறங்களில் மயங்கினர். காலம் பல நூற்றாண்டுகளில் செய்ததை உலையின் அருகில் சில நிமிடங்களில் செய்துவிட முடியுமா என்பதே அவர்களது கேள்வி.

முடியும் என்பதை வியன்னாவின் லொப்மைர் நிறுவனம் 1873ஆம் ஆண்டு அந்நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் காட்டியது. பொஹிமியாவின் லோட்ஸ் தொழிற்சாலை அவ்வழியில் புகழ் பெற்றது. அமெரிக்காவில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி, நியூயோர்க்கின் கொரோனா பகுதியில் அமைத்த உலைகளில் இத்தகைய கண்ணாடியைச் செய்து, 1894இல் ஃபவ்ரீல் என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தார். டிஃபனியின் பூச்சாடிகள் ஒவ்வொன்றும் ஊதுகுழலால் ஊதப்பட்டுக் கையால் உருவாக்கப்பட்டவை. செல்வர்களின் மாளிகைகளுக்கே அவை சென்றன. ஒரு தொழிலாளியின் வீட்டில் அத்தகைய சாடி இருப்பதை எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த நிலையை மாற்றியது, அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னதாகவே நிகழ்ந்துவிட்ட வேறு இரண்டு மாற்றங்கள்.

மலிவு வந்த வழி

முதலாவது, அழுத்துப்பொறி. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சுக்குள் விட்டு, நெம்புகோலால் இயங்கும் உள்ளச்சைக் கீழே இறக்கி அழுத்தினால், ஊதும் கலைஞன் இல்லாமலேயே கிண்ணம் உருவாகிவிடும். அமெரிக்காவில் 1820களில் இம்முறை வேரூன்றியது. வைரம்போல் வெட்டிச் செதுக்கிய கண்ணாடியின் கோலங்களை, ஒருமுறை அச்சில் வெட்டிவிட்டால் ஆயிரக்கணக்கான தடவை பதிக்கலாம்.

இரண்டாவது, கண்ணாடிக் கலவை. நல்ல தெளிவான கண்ணாடி வேண்டுமானால் ஈயம் சேர்க்க வேண்டியிருந்தது. ஈயம் விலை கூடியது. 1864இல் மேற்கு வேர்ஜீனியாவின் வீலிங் நகரில், ஹொப்ஸ், பிராக்குனியர் தொழிற்சாலையைச் சேர்ந்த வில்லியம் லெய்ட்டன் என்பவர், சோடா, சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றைத் தகுந்த அளவில் சேர்த்து, ஈயமின்றியே தெளிவான கண்ணாடியை மலிவாக உருக்கும் முறையைக் கண்டார். இக்கண்ணாடி எடை குறைந்தது; விரைவில் இறுகுவது. விரைவில் இறுகுவதால் அழுத்துபவர்கள் வேகமாக வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரு நாளில் முடியும் கிண்ணங்களின் தொகையும் கூடியது.

அழுத்துப்பொறியும் மலிவான கலவையும் தயாராக இருந்தன. எஞ்சியது டிஃபனியின் நிறம் மட்டுமே. அதனை மலிவான கண்ணாடியின்மீது ஏற்றியவர்கள் ஃபென்டன் சகோதரர்கள். ஃபிராங்க், ஜோன் என்ற இருவரும் 1905இல் ஒஹையோவில் கண்ணாடிக்கு வண்ணம் தீட்டும் கடையாகத் தொடங்கியது, 1907 ஜனவரியில் மேற்கு வேர்ஜீனியாவின் வில்லியம்ஸ்டவுனில் சொந்த உலையுடன் தொழிற்சாலையாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் வானவில் மினுக்கமுள்ள அழுத்துக் கண்ணாடி அங்கிருந்து சந்தைக்கு வந்தது.

அடுத்த ஆண்டே ஹரி நொர்த்வூட் போட்டியில் இறங்கினார். இவர் இங்கிலாந்திலிருந்து 1881இல் குடியேறியவர். ரோமானியக் கண்ணாடிக் கலையின் உச்சமான போர்ட்லண்ட் சாடியைப் போன்ற ஒரு பிரதியை 1876இல் செதுக்கி முடித்த ஜோன் நொர்த்வூட்டின் மகன். தந்தை ஒரே ஒரு சாடிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். மகனோ பீப்பாய்க் கணக்கில் கிண்ணங்களை அனுப்பினார். அவர் தொழில் நடத்திய இடம், லெய்ட்டன் சோடாக் கலவையைக் கண்ட அதே வீலிங் தொழிற்சாலைக் கட்டடமாகும். ஒஹையோவில் இம்பீரியல், ஜோன் ஃபென்டன் பிரிந்து சென்று 1909இல் தொடங்கி 1911இல் கடனில் மூழ்கிய மில்லர்ஸ்பேர்க், பென்சில்வேனியாவில் டூகன் ஆகிய தொழிற்சாலைகளும் சேர்ந்துகொண்டன.

மொத்த வியாபாரிகளின் விலைப்பட்டியல்கள் வழியாக இக்கண்ணாடி சிற்றூர்க் கடைகளை அடைந்தது. 1920களில் அதன் மவுசு குறைந்தபோது, எஞ்சியவை களியாட்ட விழாக்களின் விளையாட்டுக் கூடாரங்களில் பரிசுப் பொருள்களாகக் கொடுக்கப்பட்டன என்ற கதையிலிருந்தே கார்னிவல் என்ற பெயர் பிறந்தது. அப்பெயர் சேகரிப்போரிடையே நிலைபெற்றது 1950களின் பின்னர்தான். செய்தவர்கள் அதனை அவ்வாறு அழைத்ததில்லை.

உலையருகே ஒரு கூட்டு வேலை

ஒரு கிண்ணம் எவ்வாறு உருவானது என்று பார்ப்போம். மணலும் சோடாவும் சுண்ணாம்பும் 1,400 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் உருகித் தேன்போலாகும். ஒருவர் இரும்புத் தண்டின் நுனியில் அதனைச் சுற்றி அள்ளி வந்து அச்சின்மேல் பிடிப்பார். அழுத்துபவர், தேவையான அளவு விழுந்ததும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, நெம்புகோலை இழுப்பார். அளவு கூடினால் கிண்ணம் தடிக்கும். குறைந்தால் விளிம்பு நிரம்பாது. இந்தக் கணிப்புக்கு அளவுகோல் எதுவும் இல்லை, கண்ணே அளவுகோல்.

அச்சைத் திறந்ததும், கிண்ணத்தின் அடிவளையத்தைப் பற்றிக்கொள்ளும் கவ்வி ஒன்றில் அதனைப் பொருத்தி, மீண்டும் சூடேற்றும் உலைவாயில் காட்டுவர். இளகிய விளிம்பை இறுதி வேலை செய்பவர் கருவிகளால் மடித்தும் நெளித்தும் சுருக்கியும் வடிவமைப்பார். அச்சிலிருந்து ஒரே மாதிரி வந்த இருபது கிண்ணங்களுள் ஒன்று தட்டாகவும், ஒன்று அலைவிளிம்புக் கிண்ணமாகவும், ஒன்று உட்குவிந்த பூக்கிண்ணமாகவும் மாறுவது இந்தக் கட்டத்தில்தான். அச்சில் வார்த்த பொருளாயினும் ஒன்றுபோல் மற்றொன்று இராமைக்குக் காரணம் இவரது கைகளே.

அதன்பின், சூடு தணியுமுன், இரும்பு, வெள்ளீயம் போன்ற உலோகங்களின் உப்புக் கரைசல் அதன்மேல் தெளிக்கப்படும். நீர் ஆவியாகிப் பறக்க, உலோக ஒட்சைட்டுப் படலம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லிய அப்படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் வானவில் நிறங்கள் தோன்றுகின்றன. சாயம் எதுவும் அங்கே இருப்பதில்லை. இறுதியாக, நீண்ட ஆற்றுலைக்குள் மெதுவாக நகர்த்தி மணிக்கணக்கில் ஆறவிடுவர். விரைந்து குளிர்ந்தால் கிண்ணம் உள்ளிறுக்கத்தால் வெடித்துவிடும்.

இனங்காணும் வழிகள்

இவ்வளவையும் அறிந்த பின்னர், கிண்ணத்தைக் கையில் எடுக்கலாம்.

முதலில் விரலால் அதன் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். அச்சின் துண்டுகள் பொருந்திய இடங்களில் மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழாகத் தட்டுப்படும். பல வேளைகளில் கோலத்துக்குள் அவை மறைந்திருக்கும். கோலத்தின் விளிம்புகள் சற்று மழுங்கியிருந்தால் அது அழுத்திய கண்ணாடி; விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மையாக இருந்தால் சக்கரத்தில் வெட்டியது.

அடுத்து அடிப்பாகம். ஊதிச் செய்த பொருளின் நடு அடியில், இரும்புத் தண்டை ஒடித்தெடுத்த தழும்போ, அதனைத் தேய்த்து மெருகிட்ட குழியோ இருக்கும். டிஃபனி போன்றோரின் பொருள்களில் இதனைக் காணலாம். கவ்வியில் பிடித்த கார்னிவல் கிண்ணத்தில் இத்தழும்பு இராது. அச்சுக்கோடுள்ள கிண்ணத்தை டிஃபனி என்று ஒருவர் விற்க முனைந்தால், அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

மூன்றாவது, அடித்தள நிறம். மினுக்கத்தைப் பார்த்து நிறத்தைச் சொல்லக் கூடாது. கரைசல் படாத அடிப்பகுதியை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். செவ்வந்தி நிறம் என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடியின்மேல் வந்த மினுக்கமே. ஊதாவும் நீலமும் பச்சையும் கண்ணாடியின் உடலிலேயே கலந்தவை. செந்நிறம் மிக அரியது; அதனால் விலையும் அதிகம்.

நான்காவது, தேய்வு. பல பத்தாண்டுகள் மேசைமீது நகர்ந்த கிண்ணத்தின் அடிவளையத்தில், எல்லாத் திசைகளிலும் ஓடும் நுண்ணிய கீறல்கள் இருக்கும். ஒரே திசையில் வரிசையாக ஓடும் கீறல்கள், யாரோ உப்புத்தாளால் தேய்த்து வயதேற்றியமைக்குச் சான்று.

ஐந்தாவது, முத்திரை. நொர்த்வூட்டின் பொருள்கள் பலவற்றில், அடிக்கோடிட்ட என் என்ற ஆங்கில எழுத்து வட்டத்துக்குள் இருக்கும். ஆனால் முத்திரையை மட்டும் நம்புதல் ஆபத்து. பிற்காலத்தில் சற்றுத் திரிந்த ஒரு முத்திரையுடன் வேறு பொருள்கள் வந்தன. இதனைத் தடுப்பதற்காகவே அமெரிக்காவின் சேகரிப்போர் சங்கம் ஒன்று அம்முத்திரையின் உரிமையைப் பெற்றுக்கொண்டது. ஃபென்டனின் ஆரம்பகாலப் பொருள்களிலோ அச்சில் பதித்த முத்திரையே கிடையாது. நீள்வட்டத்துக்குள் ஃபென்டன் என்ற பெயர் இருந்தால் அது 1970இலும் அதற்குப் பின்னரும் செய்யப்பட்டது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இரும்பு அச்சுகள் எளிதில் அழிவதில்லை. தொழிற்சாலை மூடப்பட்டாலும் அச்சுகள் கைமாறும். இம்பீரியல் நிறுவனம் தன் பழைய அச்சுகளைக் கொண்டே 1960களில் மீண்டும் கார்னிவல் கண்ணாடியைச் செய்து, ஐ, ஜி என்ற எழுத்துகளைப் பதித்தது. 1984இல் அது மூடப்பட்ட பின்னர் அச்சுகள் பல இடங்களுக்கும் சென்றன. ஆகையால் கோலம் ஒத்திருக்கிறது என்பதனால் மட்டும் ஒரு கிண்ணம் பழையதாகிவிடாது. விளிம்பின் வேலை, கண்ணாடியின் நிறம், எடை, தேய்வு, முத்திரை ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும். செய்திக்கு ஒரே ஒரு சாட்சியை நம்பக்கூடாது என்ற எங்கள் பத்திரிகைத் தொழிலின் விதி இங்கும் பொருந்தும்.

கிண்ணம் சொல்லாத செய்தி

இவ்வளவு சொல்லும் கிண்ணம், சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் உண்டு. அழுத்தி முடித்த சூடான பொருளை உலைவாய்க்கும், அங்கிருந்து ஆற்றுலைக்கும் ஓடி ஓடிச் சுமந்தவர்கள் யார்?

அக்கால அமெரிக்கக் கண்ணாடித் தொழிலில் அந்த வேலை பெரும்பாலும் சிறுவர்களுக்கு உரியது. ஆசிரியராக இருந்து, 1908இல் அவ்வேலையை விட்டுத் தேசியச் சிறுவர் தொழிலாளர் குழுவுக்காகக் கமராவுடன் புறப்பட்ட லூயிஸ் ஹைன், அவ்வாண்டிலேயே இந்தியானாவிலும் மேற்கு வேர்ஜீனியாவிலும் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குச் சென்றார். நள்ளிரவில் உலை வெளிச்சத்தில் நிற்கும் சிறுவர்களை அவர் படமெடுத்தார். முகத்தில் கரி, கையில் நீண்ட பிடியுள்ள கருவி, கண்களில் வயதுக்கு ஒவ்வாத களைப்பு. ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என்பதே பலரது வேலைமுறை. அக்குழுவுக்காக அவர் எடுத்த 5,000க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன.

வில்லியம்ஸ்டவுனில் வானவில் கண்ணாடி பிறந்ததற்கும் ஹைன் மேற்கு வேர்ஜீனியாவுக்குச் சென்றதற்கும் இடையே ஓராண்டுதான் இடைவெளி. ஏழை வீட்டின் அலுமாரிக்கு அழகு வந்து சேர்ந்த அதே காலத்தில், அதே மாநிலத்தில், அதே தொழிலில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை இழந்துகொண்டிருந்தனர். மலிவு என்பதன் விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அச்சிறுவர்களுள் ஒருவரின் பெயர் மட்டும் வரலாற்றில் பெரிதாக எழுதப்பட்டுள்ளது. மைக்கேல் ஓவன்ஸ், வீலிங்கின் அதே ஹொப்ஸ், பிராக்குனியர் தொழிற்சாலையில் பத்து வயதில் உலைக்குக் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தவர். அவரே 1903இல் போத்தல் செய்யும் தானியங்கி இயந்திரத்தை இயங்கச் செய்தார். போத்தல் தொழிலில் சிறுவர்களின் தேவையை அது பெரிதும் குறைத்தது. சட்டமோ மெதுவாகவே வந்தது. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்த 1916இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டத்தை 1918இல் அமெரிக்க உயர்நீதிமன்றமே செல்லாதென்று தீர்த்தது. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரங்கள் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிட்னியும் பிரோசாபாத்தும்

கார்னிவல் கண்ணாடி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1920களில் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் சவர்பி நிறுவனம் தன் பழைய அச்சுகளை எடுத்து அதனைச் செய்தது. அவுஸ்திரேலியாவில் சிட்னியின் கிரவுன் கிறிஸ்டல் நிறுவனம் கங்காருவையும் குக்குபரா பறவையையும் கிண்ணங்களில் பொறித்தது. ஜெர்மனி, சுவீடன், பின்லாந்து, செக்கோஸ்லவாக்கியா ஆகிய நாடுகளிலும் அது பரவியது.

இந்தியாவில் அது பிறந்த இடம், ஆக்ராவுக்கு அருகிலுள்ள வளையல் நகரமான பிரோசாபாத். ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை, மீன் வடிவம் கொண்ட பூச்சாடிகளையும், குவளைகளையும் செவ்வந்தி மினுக்கத்துடன் வெளியிட்டது. சில குவளைகளின் அடியில் ஜெயின் என்ற பெயர் ஆங்கில எழுத்துகளில் பதிந்திருக்கும். மேலைநாட்டுச் சேகரிப்போர் நீண்ட காலம் இவற்றை அறிந்திருக்கவில்லை. இன்று அவர்கள் தேடி வாங்குகின்றனர். பிள்ளைகள் வெளிநாடு சென்ற பின்னர் பூட்டிக்கிடக்கும் பழைய வீடுகளின் பொருள்களை ஒழுங்குபடுத்துவோர், இத்தகைய குவளையை எடைக்குப் போடுமுன் அதன் அடியை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

மினுக்கத்தோடு மற்றதும் பிரோசாபாத்துக்கு வந்தது. அந்நகரின் கண்ணாடித் தொழிலில் சிறுவர்கள் உலைகளுக்கிடையே ஓடியதை நீரா புர்ரா என்ற ஆய்வாளர் 1995இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகப் பதிவு செய்தார். மறுவருடம், 1996 டிசெம்பர் 10ஆம் திகதி, இந்திய உச்சநீதிமன்றம் சிறுவர் உழைப்புப் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. அவ்வழக்கு தமிழ்நாட்டின் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலைப் பற்றியதாகத் தொடங்கியது. ஆனால் தீர்ப்பு முதலில் கவனிக்க வேண்டிய தொழில்கள் எனக் குறித்தவற்றுள் சிவகாசியோடு பிரோசாபாத்தின் கண்ணாடித் தொழிலும் இடம்பெற்றது. ஹைனின் படங்களுக்கும் அத்தீர்ப்புக்கும் இடையில் 88 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஃபென்டன் தொழிற்சாலை 2011இல் தன் பாரம்பரியக் கண்ணாடி உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. நொர்த்வூட், மில்லர்ஸ்பேர்க், டூகன் ஆகியன மூடப்பட்டு நெடுங்காலமாயிற்று. அவர்களது கிண்ணங்கள் மட்டும் அழியாமல் இருக்கின்றன. அவற்றின் கோலங்களுக்குப் பெயருண்டு, நிறங்களுக்குப் பெயருண்டு, நிறுவனங்களுக்கு வரலாறு உண்டு, விலைக்கு ஏட்டுக்கணக்கு உண்டு. சுமந்த சிறுவனுக்கு முத்திரை இல்லை. ஆகவே அவனைப் பற்றியும் எழுதிவைத்தால்தான் ஒரு கிண்ணத்தின் வரலாறு முழுமை பெறும்.